ஆடியில் பிறந்தவளுக்குப் பங்குனியில் வாழ்த்து

"எனக்கு இண்டைக்கும் பிறந்தநாளா?" என்று தனுஷா கேட்டாள்.

புளியந்தீவில் இருந்த அந்தச் சிறிய வானொலி நிலையத்தின் ஒலிபரப்பு அறையில், தரையில் கால் எட்டாத நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி கடித்த டொபி.

நேற்று வானொலி அவளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னது. நாவற்குடாவில், அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடமே கைதட்டியது. யாரோ ஒரு பக்கற் பிஸ்கட்கூடக் கொடுத்தார்கள்.

இது பங்குனி. தனுஷா பிறந்தது ஆடியில்.

"இல்ல தங்கம். இண்டைக்கு உங்கட அம்மாக்கும் அப்பாக்கும் கல்யாண நாள்," என்றாள் அறிவிப்பாளர் நஸீறா.

தனுஷாவின் தாய் தவமணிக்கு முகம் சிவந்தது. "எங்களுக்கு வைகாசியிலதான், தங்கச்சி."

"பரவாயில்ல அக்கா. கொஞ்சம் முந்திக் கொண்டாடுங்க."

உன்னிச்சைப் பக்கம் ஷெல் குண்டுகள் விழத் தொடங்கியதும் ஊர் கிளம்பிவிட்டது. தனுஷாவின் தந்தை வினாயகமூர்த்தி மட்டும் எருமைகளை அவிழ்த்துவிடப் பின்தங்கினார். "நீங்க நடங்க, நான் பின்னால வாறன்," என்றார். வரவில்லை.

மனைவியும் மகளும் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன வானொலிப் பெட்டி இருக்கும். சோறில்லாமல் இருந்தாலும் இருப்பார், காலை வாழ்த்து நிகழ்ச்சி கேட்காமல் இருக்க மாட்டார் என்று தவமணி சொன்னாள்.

ஆள் தேடும் அறிவித்தல்களை வாசிக்கக் கூடாது என்று நிலையத்தில் கண்டிப்பான உத்தரவு. வாழ்த்துக்குத் தடை இல்லை. வாழ்த்து என்றால் யார் யார் வாழ்த்துகிறார்கள், எங்கிருந்து வாழ்த்துகிறார்கள் என்று பெரியம்மா, சித்தப்பா வரை எல்லோரையும் சொல்வதுதானே வழக்கம்?

ஒலிப்பதிவாளர் பாறூக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்தான். "அஞ்சு நேரம் தொழுற புள்ள, மைக்கில பச்சைப் பொய் சொல்றாய்."

"இண்டைக்கு எண்டு நான் சொல்லவே இல்லியே காக்கா. வாழ்த்துறன் எண்டுதான் சொன்னன். முந்தி வாழ்த்தினாப் பாவமா?" என்று அண்ணன்போலப் பழகும் அவனிடம் நஸீறா கேட்டாள்.

"நாளைக்கு என்ன செய்வாய்? எருமைக்குக் காது குத்துவியா?"

தனுஷா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மேல தெரிஞ்சா உன்ட வேல போயிரும். அப்பிடி என்ன சொந்தம் இவங்க உனக்கு?" என்று பாறூக் மெல்லக் கேட்டான்.

நஸீறா மைக் பக்கம் திரும்பினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் குரல் தேன்போல ஆனது.

"உன்னிச்சையைச் சேர்ந்த வினாயகமூர்த்தி, தவமணி தம்பதியருக்குத் திருமண நாள் வாழ்த்துகள். வாழ்த்துபவர், நாவற்குடாப் பள்ளிக்கூடத்தில் சுகமாக இருக்கும் அன்பு மகள் தனுஷா…"

பாறூக் இரண்டு பாடல்களை அடுத்தடுத்து ஓடவிட்டான்.

முதற் பாடல் முடிவதற்குள் தொலைபேசி அடித்தது. நஸீறா எடுத்தாள்.

மறுமுனையில் ஒரு கரகரத்த குரல். "தங்கச்சி, என்ட மகள் ஆடியில பிறந்தவள். நீங்க பங்குனியில வாழ்த்துறிங்க. நேத்துக் கேட்டுட்டு, வேற தனுஷாவாக்கும் எண்டு நினைச்சன். இண்டைக்கு எனக்கே கல்யாணம் கட்டி வச்சிட்டிங்க!"

நஸீறா தொலைபேசியைச் சிறுமியின் காதில் வைத்தாள்.

"அப்பா!" என்று கத்திய தனுஷா உடனே முறைப்பாட்டைத் தொடங்கினாள். "ரேடியோ எனக்கு வாழ்த்துச் சொல்லிச்சு, கேக் தரல்ல."

தவமணி தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள். எருமைகள் போய்விட்டனவாம். அவர் செங்கலடியில் ஒரு கடையில் நின்று பேசுகிறாராம். மத்தியானத்துக்குள் நாவற்குடா வந்துவிடுவாராம்.

"அப்ப இஞ்ச என்ன நிக்கிறிங்க? வாங்க, ஆட்டோ பிடிச்சுத் தாறன்," என்று பாறூக் தனுஷாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"உங்களோடயும் கதைக்கணுமாம்," என்று தவமணி தொலைபேசியை நஸீறாவிடம் கொடுத்துவிட்டு அவர்கள் பின்னால் ஓடினாள்.

அறையில் நஸீறா மட்டும். இரண்டாவது பாடல் போய்க்கொண்டிருந்தது.

"ரேடியோவில நீங்க பேர் சொல்றதே இல்ல தங்கச்சி," என்றார் வினாயகமூர்த்தி. "பேர் என்ன? சாமிக்கு விளக்கு வைக்கக்குள்ள சொல்லிக் கும்பிடணும்."

நஸீறா கண்களை மூடிக்கொண்டாள்.

சில வருடங்களுக்கு முன், சுனாமியில் கடல் பொங்கிய மறுநாள். அவளுடைய ஊரான காத்தான்குடியில் ஒரு பள்ளிக்கூடத்து முற்றம். ஈரம் காயாத உடுப்போடு, முந்திய நாளிலிருந்து சாப்பிடாமல் அவள் உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாவிக்கு அப்பால் தமிழர் வாழும் படுவான்கரையிலிருந்து ஓர் உழவு இயந்திரம் சோற்றுப் பொதிகளோடு வந்து நின்றது. பசியிருந்தும் எல்லோரும் தயங்கினார்கள்.

அதை ஓட்டி வந்தவர் புரிந்துகொண்டார். இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஏறி நின்று உரத்துச் சொன்னார்: "இறைச்சி இல்ல தாயே! சோறும் பருப்பும் சம்பலும்தான். சட்டிகூடப் புதுச் சட்டி. பயப்படாமச் சாப்பிடுங்க!"

உம்மா சாப்பிட்டு முடித்ததும் நஸீறா ஓடிப்போய் அவருடைய பெயரைக் கேட்டாள், துஆவில் சொல்லிப் பிரார்த்திப்பதற்காக. அவர் இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டே, "உன்னிச்சை," என்று ஊரை மட்டும் சொன்னார்.

இந்தக் குரல் அந்தக் குரல்தானா? தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

"தங்கச்சி, லைன்ல இருக்கிறிங்களா? பேர் என்ன?"

"காத்தான்குடி," என்றாள் நஸீறா.

தொலைபேசியை வைத்துவிட்டு, அடுத்த வாழ்த்தைக் கையில் எடுத்தாள்.