சிவப்பு டை

சோஃபியாவின் கழுத்தில் சிவப்பு டை தொங்கியது. அதைப் பார்த்ததும் சின்னப்பா, தன் மகள் வீணாவின் கையை விட்டுவிட்டு, நடுத்தெருவிலேயே போனை வெளியே எடுத்தார்.

"ஏம்மா லவினா, இது எந்த ஸ்கூல் டை?"

வாசலில் மகள் சோஃபியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த லவினாவின் கை அப்படியே நின்றது. "போட்டோ வேணாண்ணா. சும்மனே தெருவுல கத்தாதீங்க."

"கத்துவேன். கான்வென்ட்ல சேத்துட்டல்ல?"

சின்னப்பா பெயின்டர். வேலை போக மிச்ச நேரமெல்லாம் 'நம்ம நீலசந்திரா' என்கிற ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில்தான் இருப்பார். குப்பை வண்டி வராதது, தெரு விளக்கு எரியாதது, கான்வென்ட்டில் கேட்கிற டொனேஷன், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கருத்து உண்டு. போன மாதம் தண்ணீர் திறந்துவிடுகிறவர், "உங்க தெருவுக்கு மட்டும் ஒன் அவர் சேத்து விடறேன்" என்று சொன்னதைக்கூட நன்றியோடு குரூப்பில் போட்டார். மறுநாள் பக்கத்துத் தெரு திரண்டு வந்தது. அந்த ஒரு மணி நேரமும் போயிற்று.

இரண்டு மாதமாக அவருக்கு ஒரே விஷயம்தான். தெருக்கோடி அரசு கன்னடப் பள்ளியின் தமிழ் வகுப்பில் மிஞ்சியிருந்தது பத்துப் பிள்ளைகள். ஒன்று குறைந்தாலும் மூடிவிடுவார்கள் என்று பேச்சு. மூடினால் அவர் மகள் வீணா தமிழ் வகுப்பு உள்ள அடுத்த பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவரும் மனைவி பாஞ்சாலியும் விடிந்ததும் வேலைக்குப் போகிறவர்கள். எட்டு வயதுக் குழந்தையை யார் கூட்டிப்போவது?

"விடக் கூடாதுண்ணா, நாங்க இருக்கோம்ணான்னு குரூப்புல போட்டது யாரு? நீதான?"

"நான்தாண்ணா."

"மாதா கோயில் வாசல்ல நின்னு சொன்னியே, புள்ளைய மாத்த மாட்டேன்னு!"

லவினா வீணாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜோசஃபின் டீச்சரப் போய்ப் பாருங்கண்ணா" என்றாள்.

"எந்த மூஞ்ச வச்சிகிட்டுப் பாக்கறது? புள்ளைங்கள மாத்தாதீங்கன்னு ஒரு மாசமா அந்தம்மா வெயில்ல வீடு வீடா ஏறி எறங்கினாங்க. உன் வீட்டுக்கும் வந்தாங்கல்ல?"

"வந்தாங்க."

"என் வீட்டுப் படி மட்டும் ஏறல, தெரியுமா? ஏன்? இவன் மாறமாட்டான்னு என்மேல அவ்ளோ நம்பிக்கை!"

லவினா சட்டென்று மகளை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நடந்துகொண்டே சின்னப்பா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "நண்பர்களே, பள்ளி தொறக்கற மொத நாளே நம்ம தெருவுல ஒரு துரோகம் நடந்திருக்கு..." நீல டிக் வரிசையாக விழுந்தது. எப்போதும் வருகிற கட்டைவிரல் ஒன்றுகூட வரவில்லை.

"சோஃபியா இன்னிக்கு வரமாட்டாளாப்பா?" என்றாள் வீணா.

"வராட்டி போறா. மத்த எட்டுப் பேர் இருக்காங்கல்ல?"

வகுப்பில் யாரும் இல்லை. ஜோசஃபின் டீச்சர் மட்டும் ரிஜிஸ்டர்களை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். வீணா ஓடிப்போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டுப் பையை வைத்தாள்.

"டீச்சர், லவினா கவுத்துட்டா." சின்னப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். "மத்தவங்க எங்க?"

"யாரும் வரமாட்டாங்க, சின்னப்பா. ஒம்போது பேரும் கான்வென்ட்ல சேந்தாச்சு."

"ஒம்போதுமா? யாரு டீச்சர் கலைச்சது? பேரச் சொல்லுங்க, இப்பவே கிழிக்கறேன்." போன் கைக்கு வந்துவிட்டது.

"நான்தான்."

சின்னப்பா போனைத் தாழ்த்தினார்.

"ஏப்ரல்லயே ஆர்டர் வந்துடுச்சு. பத்துப் பேர் இருந்தாலும் மூடறதுதான்" என்றார் டீச்சர். "புள்ளைங்க நடுவுல நிக்கக் கூடாதுன்னு கான்வென்ட் சிஸ்டர் கிட்ட கெஞ்சினேன். ஃபீஸ் இல்லாம எடுத்துக்கறேன்னாங்க. ஆனா, திறக்கற நாள் வரைக்கும் வெளிய தெரியக் கூடாது, தெரிஞ்சா ஏரியாவே வந்து நிக்கும், அப்புறம் ஒருத்தருக்கும் இல்லன்னுட்டாங்க."

"எத்தன சீட்டு?"

"பத்து."

"அப்ப வீணாவுக்கு?"

"அவளுக்கும் சேத்துத்தான் கேட்டு வாங்கினேன். சனிக்கிழமை சாயங்காலத்தோட லிஸ்ட்ட மூடிட்டாங்க."

சின்னப்பா சுவரைக் காட்டினார். "இந்த ரூமுக்குக் கூலி வாங்காம பெயின்ட் அடிச்சவன் நான். உங்களுக்காக ஊரோட சண்ட போட்டவன். தெருவே சேந்து மறைச்சிருக்கீங்க. என் புள்ளைய மட்டும் விட்டுட்டீங்களே டீச்சர், நான் என்ன பாவம் பண்ணேன்?"

"கடைசி நிமிஷத்துல சொல்லிடலாம்னு சனிக்கிழமை உங்க வாசல் வரைக்கும் வந்தேன்."

"வந்தவங்க ஏன் கதவ தட்டல?"

டீச்சர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொன்னா குரூப்புல போட்டுடுவீங்களே, சின்னப்பா."