எட்டு மணிச் சங்கு

"சங்கு ஊதச் சொன்னா, இவன் ஒப்பாரில்ல வைக்கிறான்!" என்றார் உறுப்பினர் பிச்சைமணி.

சபை சிரித்தது.

நகராட்சியின் ஆண்டுக் கூட்டம் அது. சாக்கடை, தெருவிளக்கு, குடிதண்ணீர்க் குழாய் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்து, எதில் செலவைக் குறைக்கலாம் என்று தேடியபோது கடைசியாக வந்து மாட்டிக்கொண்டது ராத்திரி எட்டு மணிச் சங்கு.

கதவோரம் கைகட்டி நின்றிருந்தார் மொக்கையன். ஆபீஸ் மாடியில் இருக்கிற மின்சாரச் சங்கை மூன்று வேளையும் ஊதுகிற ஊழியர்.

"காலையிலயும் மத்தியானமும் ஒழுங்காத்தான் ஊதுறான். ராத்திரியில மட்டும் சுவிட்சப் போட்டா அணைக்க மனசு வரமாட்டேங்குது. சண்டை முடிஞ்சு வருசமாச்சு. எங்க மாமியா இன்னமும் பாகிஸ்தான் பிளேன் வந்துருச்சுன்னு கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிருது!" என்று தொடர்ந்தார் பிச்சைமணி.

"உனக்கு நல்லதுதான மாப்ளே? அந்த நேரமாச்சும் வீடு அமைதியா இருக்கும்" என்றார் பக்கத்தில் இருந்த மூசா.

மறுபடியும் சிரிப்பு. தலைவர் மேஜையைத் தட்டினார்.

"என்னய்யா மொக்கையா, ராத்திரி மட்டும் எதுக்கு அம்புட்டு நேரம் இழுக்குற?"

மொக்கையன் ஓரடி முன்னால் வந்தார். "கண்ணு அசந்துருதுங்கய்யா."

"கண்ணு அசருதா? இல்ல, உள்ள போனது அசத்துதா?" என்றார் பிச்சைமணி.

மொக்கையன் மறுபடியும் கதவோரம் ஒதுங்கினார்.

"சரி, அழகுமலை, நீங்க எழுதின குறிப்பை வாசிங்க" என்றார் தலைவர்.

அழகுமலை எழுந்தான். இன்னும் நிரந்தரம் ஆகாத குமாஸ்தா. அவன் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அவன் எழுதிச் சபைக்கு வந்த முதல் குறிப்பும் இதுதான். ஒரு எழுத்து பிசகினாலும் வேலை போய்விடும் என்று ராத்திரியெல்லாம் திருத்தித் திருத்தி எழுதியிருந்தான்.

"'இப்போது பெரும்பாலான வீடுகளில் கடிகாரம் இருப்பதால், இரவு எட்டு மணிச் சங்கினால் யாருக்கும் பயனில்லை. அதை நிறுத்திவிட்டு, சங்கு ஊழியரைக் குப்பை வண்டிக்கு மாற்றலாம்.'"

"படிச்ச புள்ளை எழுத்துன்னா இதுதான்யா! தேவாரம் ஊருல தோட்டம் தொரவுன்னு வாழுற குடும்பமாம். அந்த வளர்ப்பு வேற எப்படி இருக்கும்?" என்று மெச்சினார் பிச்சைமணி.

அழகுமலைக்குக் காது சுட்டது. வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ கேட்டதற்கு, வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான். தேவாரத்தில் அவனுக்கு ஒரு செடிகூடக் கிடையாது.

ஜன்னல் வழியே மலை தெரிந்தது. போடிமெட்டுக்குப் போகிற ரோட்டுக்கு மேலே, அந்தச் சரிவில்தான் அவன் ஆத்தா ஒச்சம்மாள் ஏலத்தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறாள். ராத்திரி சங்கு ஊதியதும் ஆபீசிலிருந்து இறங்கி அறைக்கு நடக்கும்போது, அங்கே ஒரு வெளிச்சம் மினுங்கும். ஆத்தா குடிசை விளக்காக இருக்குமோ என்று நின்று பார்ப்பான். வேலை நிரந்தரமாகட்டும், கீழே கூட்டி வந்து வைத்துக்கொள்ளலாம், அப்புறம் யார் என்ன சொன்னால் என்ன என்று நினைத்துக்கொள்வான். அவள் முகத்தைப் பார்த்துத்தான் ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது.

"டீயைக் குடிச்சிட்டு வந்து தீர்மானத்தப் போட்டுருவோம்" என்றார் தலைவர்.

வராந்தாவில் மொக்கையன் தனியாக நின்றிருந்தார். அழகுமலைக்கு மனசு கேட்கவில்லை. தன் டம்ளரோடு அவர் பக்கத்தில் போய் நின்றான்.

"அண்ணே, நீங்க குடிக்கிற ஆளில்லைன்னு ஆபீசுக்கே தெரியும். ஏன் பேசாம நின்னீங்க?"

"போகுது விடுங்க தம்பி."

"குப்பை வண்டிக்குத் தள்ளிருவாங்கண்ணே. காரணம் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க."

மொக்கையன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"போன தை மாசம், மெட்டுலருந்து வந்த ஜீப்புல ஒரு ஆத்தா எறங்குச்சு. நேரா வந்து, அந்தா இருக்கே வேப்பமரம், அதுக்கடியில நின்னுக்கிட்டு இந்த ஜன்னலையே பாத்துச்சு. ரொம்ப நேரம். உள்ள வா ஆத்தான்னு கூப்பிட்டேன். 'வேணாம்யா. எம்மகன் சோலி பாக்குற எடம். இந்தக் கோலத்துல போய் நின்னா அவனுக்குச் சங்கடம். எட்ட இருந்து பாத்துட்டேன், போதும்'னுச்சு."

அழகுமலை டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான்.

"கெளம்பும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. 'சங்கு ஊதினாத்தான் ரூமுக்குப் போவேன்னு எம்மகன் சொல்லியிருக்கான். அது கேட்டாத்தான், புள்ள வீடு போய்ச் சேந்துட்டான்னு நான் சோத்துல கை வைப்பேன். காத்து மாறி அடிச்சா சத்தம் பாதி வழியில அந்துபோகுதுய்யா. செத்த நீட்டி ஊதுறியா?'ன்னுச்சு. நானும் நீட்டி ஊதுறேன்."

அழகுமலை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேப்பமரத்தடியைப் பார்த்தான்.

"இதை உள்ள சொல்லியிருக்கலாமேண்ணே..."

"சொன்னா, யாரு அந்த மகன்னு கேப்பாகளே தம்பி."

மணி அடித்தது. எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எட்டு மணிச் சங்க நிறுத்துறதுல யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?"

"ஐயா..." அழகுமலை எழுந்து நின்றான். "நான் எழுதின குறிப்புல ஒரு தப்பு இருக்குங்கய்யா."

"என்னய்யா தப்பு? வெரசா சொல்லு."

"சங்கால யாருக்கும் பயனில்லைன்னு எழுதிட்டேன்." ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினான். "அந்தா, அந்த மலையில கூலி வேலை பாக்குற எங்க ஆத்தா, அதைக் கேட்ட பிறகுதான் ராத்திரிச் சோறு திங்குது."