விளக்கு மங்கிய காலைகள்

"மூடியத் திறடா."

"எதுக்குக்கா? மோட்டாரு கருகுனதுக்கு ஸ்டார்ட்டர் பொட்டி என்ன பண்ணும்?"

"திறன்னு சொல்றேனல்லோ."

அரிசி மில்லுக்குள் அக்காவும் தம்பியும் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. கேட்கக் கூடாதென்று ஒருவரும் கதவைச் சாத்தவில்லை.

பெரிய மோட்டார் புகைந்து நின்று ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

அப்பா விட்டுப்போன மில். ஆளுக்குப் பாதி.

மோட்டாரை மெல்லக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் வேண்டுமென்று போன வருஷம் ஒற்றைக்காலில் நின்றவள் அக்காதான். அதற்கு முன் மோட்டார் ஒரே உதறலில் கிளம்பும். தெரு முழுக்க விளக்கு மங்கும். அந்த நேரம் பார்த்து யாரும் மிக்ஸி போடமாட்டார்கள். அதை மாட்டிய பிறகு மோட்டார் மெல்ல முனகி, மெல்ல வேகம் பிடித்தது. மில் ஓடுவதே தெருவுக்குத் தெரியவில்லை.

ஆடியில் விளக்கு மறுபடி மங்கியது.

"கரண்டு லைன்ல கோளாறுக்கா," என்றான் தம்பி.

நம்பினாள்.

நம்பியதோடு விட்டாளா? கரண்ட் ஆபீசுக்குப் புகார் எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாள். எல்லோரும் போட்டார்கள். தம்பி எதையோ சாக்கில் சுற்றி வேனில் ஏற்றியதை மாடியிலிருந்து பார்த்தவர்களும் போட்டார்கள். காபி வேறு கொடுத்தார்கள்.

மூடி திறந்தது.

சாஃப்ட் ஸ்டார்ட்டர் இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள். ஓரத்தில், அப்பா காலத்துப் பழைய ஸ்டார்ட்டர்.

தம்பி வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அவிய மில்லுல மோட்டாரு புதுசுக்கா. நம்முளுது எப்படியும் போறதுதானே."

யார் அந்த 'அவிய' என்று அவள் கேட்கவில்லை. தெருவில் அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பது, வாசலில் கூடியிருந்த முகங்களிலேயே தெரிந்தது.

புகாரின் நகல் அவள் பைக்குள் இருந்தது. எடுத்தாள். முதல் கையெழுத்து தம்பியுடையது.

ஐப்பசியில் வெள்ளகோவிலில் அவனுக்குக் கல்யாணம். பெண் வீட்டுப் புது மில்லில் அவனுக்கும் பங்கு. அங்கே மோட்டார் கிளம்பினால் பக்கத்து வீட்டுப் பூனைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லையாம்.

அவள் தாராபுரத்துக்குக் குடிபோனாள்.

அங்கே வாடகைக்கு முதலில் பார்த்த வீட்டில், விளக்கு ஒரு நாளும் மங்காது என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னாராம்.

வேண்டாமென்று அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விட்டாளாம்.