நான்கு மூட்டை அனுமதி

ஓடையின் மரப்பாலத்துக்கு நாரைதான் அதிகாரி. இரண்டு மூட்டைக்கு மேல் சுமந்து வரும் கழுதைகளை இருபது வருடம் திருப்பி அனுப்பியது. ஓய்வு பெற்றதும் வியாபாரிகள் சங்கத்தில் ஆலோசகராகச் சேர்ந்தது. மறு வாரமே மனுவோடு பாலத்துக்கு வந்தது. இனி நான்கு மூட்டைக்கு அனுமதி வேண்டுமாம்.

புதிய அதிகாரியான காக்கை தயங்கியது. “பாலம் தாங்காதுன்னு நீங்கதானே ஐயா எழுதி வச்சிருக்கீங்க?”

“எழுதினவனே சொல்றேன், தாங்கும். கையெழுத்தைப் போடுங்க தம்பி.”

காக்கை போட்டது. நான்கு மூட்டையோடு கழுதை பாலத்தில் கால் வைத்தது. பலகை முனகியது.

“ஐயா, நீங்களும் அக்கரைக்குத்தானே? கூடவே நடந்து வாங்களேன்,” என்றது கழுதை.

“நீ போய்க்கிட்டே இரு,” என்ற நாரை, பாலத்தைத் தொடாமல் பறந்து அக்கரை போய்ச் சேர்ந்தது.