கோடு படுக்கும் வரை

ஆய்வுக்கூடத்துத் தண்டவாளத்தின் மேல் நிற்கும் கார் இருக்கையில் இதுவரை சோதனைப் பொம்மைதான் உட்கார்ந்திருந்தது. நாளை வெளியாட்கள் உட்கார வேண்டும் என்பதால் இன்று ஆராய்ச்சியாளரே பெல்ட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பின்னாலிருந்து கார் இடித்தால் கழுத்து என்ன ஆகிறது என்பதுதான் ஆராய்ச்சி. நேற்று பொம்மையின் கழுத்து பின்னால் மடங்கியதை அவள் ஸ்லோ மோஷனில் மூன்று முறை பார்த்தாள். இப்போது அவள் கழுத்தில் ஒட்டிய கம்பிகள் திரை வரை போகின்றன. திரையில் பச்சைக் கோடு துள்ளுகிறது. தசை தளர்ந்து கோடு படுத்த பிறகுதான் இருக்கையை முன்னால் உந்தித் தள்ளும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தும் நேரத்தை அவளிடம் சொல்லக் கூடாது. இரண்டும் அவளே எழுதிய விதிகள்.

“போட்டோவுக்கு உக்காந்த மாதிரி விறைச்சுக்கிட்டு இருக்கியேம்மா,” என்கிறார் பொத்தானருகே நிற்கும் மெக்கானிக்.

“அழுத்தித் தொலைங்கண்ணா.”

“பயம் போகட்டும்.”

உள்ளங்கை வியர்வையை அவள் பேண்ட்டில் துடைக்கிறாள். எங்கோ காற்றழுத்தக் குழாய் சீறுகிறது. கோடு இன்னும் உயரமாகத் துள்ளுகிறது.

“பாப்பாவுக்குப் பல்லு விழுந்துச்சாமே?”

“ஆமாண்ணா, முன்பல்லு. தூக்கிப் போட விடமாட்டேங்கிறா. பென்சில் டப்பாவுல வச்சுக்கிட்டுக் காட்டாத ஆள் இல்ல.”

அவளுக்குச் சிரிப்பு வருகிறது. தோள் இறங்குகிறது. கோடு படுக்கிறது.

மெக்கானிக்கின் விரல் பொத்தான் மேல் இறங்குகிறது.