நனையாத டவுசர்

“இந்தாங்க, உங்க நனையாத டவுசர்!”

தையல் மிஷின் மேல் சொத்தென்று வந்து விழுந்தது அது. தலையில் ஹெல்மெட், இடுப்பில் யாரிடமோ வாங்கிய துண்டு என்று நின்றிருந்தார் மலைச் சைக்கிள் சங்கத் தலைவர். ஓட்டுகிற வேகத்துக்காக அவரை எல்லோரும் சூறாவளி என்றுதான் கூப்பிடுவார்கள்.

தையல்கடை அக்கா மிஷினை நிறுத்தினாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தைத்துச் சலித்துப்போய், மழையிலும் நனையாத சைக்கிள் டவுசர் என்று அவளே யோசித்து, வெட்டி, தைத்த முதல் உருப்படி. தலைவர் ஓட்டிப் பார்த்துச் சரி என்றால் சங்கம் மொத்தத்துக்கும் ஆர்டர். முடிவைக் கேட்கத்தான் உறுப்பினர்கள் கடையை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

“மேல மழைன்னா மழை, அப்படியொரு மழை! சைக்கிளை அங்கயே போட்டுட்டு, காய்கறி வேன்ல தொத்திக்கிட்டு வந்தேன். உள்ள தொப்பலா நனைஞ்சிருச்சு!”

“சட்டை காய்ஞ்சிருக்கே?” என்றார் உறுப்பினர்களில் ஒருவரான பேங்க் மேனேஜர்.

“மேல ரெயின்கோட்டு போட்டிருந்தேன்ல? அது நல்ல சரக்கு!”

“ஒருவேளை வேர்வையா இருக்குமோ?”

“வேர்வையா? பிழிஞ்சா டம்ளர் நிறையும்யா!”

அக்கா டவுசரை எடுத்து, ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, உள்பக்கத்தைத் திருப்பினாள். பிழிந்தாள். நிஜமாகவே சொட்டியது. விடுவாளா? அதே துணியில் மிச்சமிருந்ததை வாளிக்கு மேல் விரித்துப் பிடித்து, மக்கால் தண்ணீர் மொண்டு ஊற்றிக் காட்டினாள். பொட்டுகூட இறங்கவில்லை.

“மக்குத் தண்ணியும் மலை மழையும் ஒண்ணாம்மா?” என்று சூறாவளி சீற, கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. “பாவம், தையல் என்னவோ நல்லாத்தான் இருக்கு...” என்று இழுத்தபடி ஒவ்வொருவராக நழுவத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் இரண்டு சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்க வந்து சேர்ந்தார் பல் டாக்டர். காலையில் சூறாவளியோடு கூடவே மலையேறியவர்.

“என்ன தலைவரே, இப்படியா தலைதெறிக்க ஓடுவீங்க? அந்தக் கரடி உங்களைத் திரும்பிக்கூடப் பாக்கல. அது பாட்டுக்குப் போயிடுச்சு!”

நழுவியவர்கள் அப்படியே நின்றார்கள்.

“மேல மழை பலமோ, டாக்டர்?” என்றாள் அக்கா மெதுவாக.

“மழையா? வெயில் மண்டையைப் பிளக்குது!”

சூறாவளி துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அக்கா, பிழிந்த தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“பாத்துக்கங்க, ஒரு சொட்டு வெளிய விடல!”