போய்ச் சேர்ந்த தகவல்

மைசூரில், ரயில்வேயில் ஓய்வுபெற்ற சாம்புவின் வீட்டில் ஒரு வழக்கம்: வெளியூர் போனவர் போய்ச் சேர்ந்ததும் போனில் மூன்று ரிங் விட்டு வைத்துவிட வேண்டும்; வீட்டில் இருப்பவர் எடுக்கக் கூடாது.

மகன் அபிஜித்தின் விமானம் ராத்திரி இரண்டு மணிக்குப் பம்பாயில் கிளம்பியது. மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். லண்டனில் நின்று நியூயார்க் போகப் பதினெட்டு மணி நேரம். சாம்பு பென்சிலால் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஆனால் காலை ஆறு மணிக்கே, காபி கலக்கும்போது, மூன்று ரிங் வந்து நின்றது.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு மறுபடி அடித்தது. முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார்.

"இப்பதாம்ப்பா எறங்கினேன். ஏன் எடுத்தேள்?"

"காலம்பற நீ பண்ணலையா?"

"ஆகாசத்துலேர்ந்தா?"

போனை வைத்தார். பதினோரு மாதத்துக்கு முன், ஆஸ்பத்திரியில், மூச்சு அடங்கிக்கொண்டிருந்த மனைவி சீதாலக்ஷ்மியின் காதிலும், போய்ச் சேர்ந்ததும் மூன்று ரிங் விடத்தான் சொல்லியிருந்தார்.

பென்சிலை எடுத்தார். பதினோரு மாதத்தை மணியாக்கி, தொள்ளாயிரத்தால் பெருக்கத் தொடங்கினார்.